நெட்எம்: பல வருடம் பழகிய பிறகு

லினக்ஸில் நெட்வொர்க் தாமதத்தைச் செயற்கையாக உண்டாக்க நான் பல வருடமாக நம்பியிருப்பது நெட்எம்தான். தனியாக எதையும் வாங்க வேண்டாம், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலோடு வருகிறது. ரூட் (நிர்வாகி) உரிமையோடு, டிசி என்ற கட்டளையில், ஈத்0 என்ற நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கு ‘டிசி க்யூடிஸ்க் ஆட் டெவ் ஈத்0 ரூட் நெட்எம் டிலே 100எம்எஸ்’ என்று ஒரு வரி அடித்தால், பக்கத்து மேசை சர்வர் வேறு கண்டத்துக்குப் போய்விடும். ‘ஆட்’ இருக்கும் இடத்தில் ‘டெல்’ போட்டு, ‘ரூட்’ வரை அடித்தால் பழைய நிலை.

ஆபீஸுக்குள்ளான நெட்வொர்க்கில் (லேன்) எல்லாமே வேகம்தான். ஒரு பக்கம் திறக்க டேட்டாபேஸை 40 முறை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் அப்ளிகேஷன்கூட அங்கே பளிச்சென்று வரும். 50 மில்லிசெகண்ட் சேர்த்துப் பாருங்கள், காத்திருப்பு மட்டுமே 2 விநாடி.

ஆனால் நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) மட்டுமே தாமதிக்கும். உள்ளே வருவதையும் தாமதிக்க ஐஎஃப்பி என்ற போலி இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பிவிட வேண்டும். இயந்திரம் தன்னோடு தானே பேசும் லூப்பேக் இன்டர்ஃபேஸில் 100 மில்லிசெகண்ட் வைத்தால், போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் 200 காட்டுவதும் இதனால்தான்: கேள்வியும் பதிலும் அதே வாசலில் வெளியேறுகின்றன.

பாக்கெட் இழப்பைச் சோதிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. அனுப்பும் இயந்திரத்திலேயே ‘லாஸ் 1%’ போட்டால், பாக்கெட் விழுந்த சேதி, தரவு தவறாமல் போய்ச் சேருவதைக் கவனிக்கும் டிசிபிக்குக் கர்னலுக்குள்ளேயே தெரிந்துவிடும்; உடனே மறுபடி அனுப்பிவிடும். நிஜ இழப்பில் இப்படித் தெரியாது என்பதால் அந்த முடிவை நம்பாதீர்கள். நடுவில் ஓர் இயந்திரத்தையோ நெட்வொர்க் நேம்ஸ்பேஸையோ (ஒரே இயந்திரத்துக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) வைத்து அங்கே போடுங்கள்.

ஏற்ற இறக்கம் வேண்டி ‘டிலே 100எம்எஸ் 20எம்எஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனி நேரம் கிடைக்கும். பின்னால் வந்தது முன்னால் போகும். வரிசை குலைந்ததால் டிசிபி தடுமாறுவதை தாமதத்தின் பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு உண்மையான மனக்குறை ‘லிமிட்’ மீதுதான். அதைச் சொல்லாவிட்டால், தாமதத்தில் காத்திருக்கும் வரிசையின் அளவு 1000 பாக்கெட். 1 ஜிகாபிட் இணைப்பை 100 மில்லிசெகண்ட் தாமதத்தோடு முழுதாக நிரப்ப, பாக்கெட்டுக்கு 1500 பைட் கணக்கில் 8000 பாக்கெட்டுக்கு மேல் தேவை. வரிசை நிரம்பியதும் சத்தமில்லாமல் கைவிடும். வேகச் சோதனை முடிந்ததும் ‘டிசி -எஸ் க்யூடிஸ்க் ஷோ’ அடித்து, ‘டிராப்டு’ எண்ணிக்கையைப் பாருங்கள்.

தொலைவில் இருக்கும் சர்வரில் செய்பவர்கள், உங்கள் இணைப்பே அறுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சில நிமிடத்தில் தானாக ‘டெல்’ ஓடும்படி முதலில் பின்னணியில் ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் ‘ஆட்’ அடியுங்கள்.