மஸ்டாங்: இறக்குவதா, ஷாக்கை மாற்றுவதா?

என் 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி காரின் பின்சக்கர வளைவுக்குள் மூன்று விரலை நுழைத்துப் பார்க்காத நண்பர் இல்லை. டயருக்கும் தகரத்துக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. "முதல்ல இதை ஒரு இன்ச் இறக்கிடுங்கண்ணே, காரே வேற மாதிரி ஆயிடும்" என்பார்கள். குட்டையான ஸ்பிரிங் போட்டு இறக்கினேன். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். பிறகு அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, காருடன் வந்த ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, ஷாக் அப்சார்பர்களை மட்டும் மாற்றினேன். இது நான்காவது வருடம். இறக்கும் ஸ்பிரிங்கா, உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் காயில்ஓவரா, நல்ல ஷாக்கா என்று மிச்சிகனில் யார் கேட்டாலும் என் பதில் ஷாக்தான்.

முதலில் இந்தக் காரில் எது குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2014 வரை வந்த மஸ்டாங்குகளில் பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை அச்சு. 1999 முதல் 2004 வரை வந்த கோப்ரா மட்டும் அதற்கு விலக்கு. 2015-இல் எஸ்550 தலைமுறை வந்தபோதுதான் எல்லா மாடலுக்கும் தனித்தனியாக அசையும் பின் சஸ்பென்ஷன் கிடைத்தது. ஆக அடிப்படை வடிவமைப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் கார் சுமார் 1,680 கிலோ, 435 குதிரைத்திறன். கான்கிரீட் நெடுஞ்சாலையில் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், ஒருமுறை அமுங்கி அடங்க வேண்டிய உடம்பு இன்னும் இரண்டு முறை ஆடுகிறது. பிரேக் அடித்தால் மூக்கு கவிழ்கிறது. கார் மெத்தென்று இருப்பது எனக்குக் குறையே இல்லை. அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்போது அதைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாததுதான் குறை. அந்த வேலை ஷாக்குடையது.

சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கிற காற்றழுத்தத்தைக் காலையில் குளிர்ந்த டயரில் வைத்துப் பாருங்கள். பாதிப் பேர் புகார் அங்கேயே குறையும். விருப்பத் தேர்வான பெர்ஃபார்மன்ஸ் பேக்கோடு வந்த காரில் முன்னால் 255/40 அளவில் 19 அங்குல டயர். பக்கச்சுவர் உயரம் 10 சென்டிமீட்டர்தான். சாதாரண ஜிடியில் வந்த 235/50 அளவு 18 அங்குல டயருக்கு அது கிட்டத்தட்ட 12 சென்டிமீட்டர். அந்த வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும். ஆனால் பெர்ஃபார்மன்ஸ் பேக்கின் பெரிய பிரெம்போ பிரேக்குக்கு மேல் எல்லா 18 அங்குலச் சக்கரமும் உட்காராது, பார்த்து வாங்க வேண்டும். இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைக்கிற கம்பியான ஸ்டெபிலைசர் பாரைத் தடித்ததாகப் போட்டால் வளைவில் சாய்வது குறையும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழும்போது அடி இன்னும் பலமாக வரும். 2018 மாடல் முதல் ஜிடிக்கு விருப்பத் தேர்வாக வந்த மேக்னரைடு இருக்கிறவர்கள் அதை அப்படியே விட்டுவிடுங்கள். இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப்புலத்தால் நொடிப்பொழுதில் இறுக்கித் தளர்த்தும் ஷாக் அது. அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போட்டால் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இனி இறக்கும் ஸ்பிரிங். அதன் நியாயத்தை மறைக்க மாட்டேன். செலவு குறைவு, நான் நாலு ஸ்பிரிங்கை முந்நூறு டாலருக்குள் வாங்கினேன். எடை மையம் தாழ்கிறது, ஸ்டீயரிங் திருப்பியதும் மூக்கு உடனே திரும்புகிறது. அழகு இருக்கிறதே, அதைச் சொல்லவே வேண்டாம். முதல் வாரம் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு நடக்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும் டிரீம் குரூஸ் நாளில் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதும் அந்த ஒரு அங்குலத்துக்காகத்தான்.

அந்த ஒரு அங்குலத்தை எங்கிருந்து எடுத்தோம் என்று நான் யோசிக்கவில்லை. அது சக்கரம் மேலே எழுவதற்கு இருந்த இடத்திலிருந்து எடுத்தது. என் கணக்கில் இந்த மொத்த ஒப்பீடும் இதில்தான் தீர்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கார் நிற்கும்போது ஷாக்கின் தண்டு பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் தண்டு உள்ளே போகும். போக இடமில்லாத எல்லைக்கு வரும்போது உலோகத்தோடு உலோகம் மோதக்கூடாது என்று பம்ப் ஸ்டாப் வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்து அழுத்தினால் இறுகிய பஞ்சு போலிருக்கும். அதில் இடிக்கத் தொடங்கிய கணத்திலிருந்து ஸ்பிரிங்கின் மென்மைக்கு வேலையில்லை. பஞ்சு நசுங்க நசுங்கக் கட்டையாகிவிடும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு காரை ஒரு அங்குலம் இறக்கினால், அந்தப் பஞ்சுக்கு ஒரு அங்குலம் பக்கத்தில் போய் நிற்கிறோம். ஸ்பிரிங் செய்கிறவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் ஸ்பிரிங்கைக் கடினமாக்கித் தருகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஸ்பிரிங் 25 சதவீதம் கடினமானால், அதே ஷாக் அதை அடக்கும் பலம் விகிதத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது. முன்பே ஆடிய கார் இன்னும் வேகமாக ஆடும்.

மிச்சிகனில் மார்ச், ஏப்ரல் மாதச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். பகலில் உருகிய நீர் விரிசலில் இறங்கி, இரவில் உறைந்து பெருத்து, சாலையைப் பிளக்கும். மேலே லாரிகள் ஏறியதும் குழியாகிவிடும். இறக்கி இரண்டு வருடம் ஆன ஏப்ரலில் காரை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, பின்பக்க ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, தண்டின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டினேன். ஷாக்கின் உடல் எவ்வளவு மேலே ஏறியதோ அந்த இடத்தில் டை நின்றுவிடும். எம்-14 நெடுஞ்சாலை வழியாக ஆன் ஆர்பர் வரை போய்த் திரும்பினேன், நாற்பது நிமிடம். பந்தய வேகமெல்லாம் இல்லை. வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டை பம்ப் ஸ்டாப்பின் அடியில் போய் அமுங்கி, பஞ்சில் ஒரு வெள்ளைக் கோடு பதிந்திருந்தது. நான் "ஸ்போர்ட்டியாக இருக்கிறது" என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்த அந்த அடி, கார் பஞ்சின்மேல் ஓடிய அடி.

அடுத்த மாதமே பழைய ஸ்பிரிங்கும், நாலு கோனி ஸ்போர்ட் ஷாக்கும் போட்டேன். மஞ்சள் நிறம். ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்தை மட்டும் திருகி மாற்றிக்கொள்ளலாம். அமுங்கும் பக்கம் நிலையானது. ஷாக்குக்கு மட்டும் ஆயிரம் டாலரை ஒட்டி ஆனது, ஸ்பிரிங்கைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். பில்ஸ்டீன் பி6-ஐயும் பார்த்தேன். அதிக வாயு அழுத்தம் கொண்ட ஒற்றைக் குழாய் ஷாக் அது, அதற்கு நல்ல பெயர் உண்டு. அடக்கும் பலத்தை நானே திருகிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கோனி பக்கம் போனேன். இரண்டையும் ஒரே காரில் போட்டுப் பார்த்தவனில்லை, அதனால் ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல மாட்டேன்.

மறுபடி ஒரு டை கட்டி, அதே சாலை, அதே தூரம். இந்த முறை டை பஞ்சுக்கு இரண்டு விரல் கீழே நின்றது.

ஓட்டும்போது தெரிகிற மாற்றம் வேறு விதம். குழியில் சக்கரம் விழுந்த சத்தம் கேட்கிறது, ஆனால் அடி உடம்புக்கு வருவதில்லை. மேட்டில் ஏறி இறங்கினால் கார் ஒரே மூச்சில் உட்கார்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை டெட்ராய்ட் விமான நிலையத்தில் கூட்டிக்கொண்டு வந்தேன். முந்தைய பயணத்தில் இதே காரில் வழியெல்லாம் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தவர். இந்தத் தடவை ஐ-275-இல் பாதி வழியிலேயே கண்ணசந்துவிட்டார். வீட்டு வாசலில் எழுப்பியபோது, "வேற கார் வாங்கிட்டியாப்பா?" என்றார்.

வேலை செய்யும்போது ஒரு விஷயத்தில் நான் ஏமாந்தேன். முதல் தடவை ஸ்பிரிங் மாற்றக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில், கார் லிஃப்டில் தொங்கும்போதே பின்சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் (லோயர் கன்ட்ரோல் ஆர்ம்) போல்ட்டுகளை முழு இறுக்கம் இறுக்கிவிட்டார்கள். உள்ளே இருப்பது ரப்பர் புஷ், மூட்டில் வைக்கும் ரப்பர் உருளை. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். அதுவே இன்னொரு ஸ்பிரிங் போல வேலை செய்யும், சீக்கிரம் கிழியவும் செய்யும். என் கார் பின்னால் அரை அங்குலம் தூக்கி நின்றதற்குக் காரணம் இதுதான் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போல்ட்டை விரலால் பிடிக்கிற அளவுக்கு மட்டும் இறுக்கி, சக்கரத்தின்மேல் காரின் எடை முழுவதும் உட்கார்ந்த பிறகே, இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்சைப் போட வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கட்டாயம். இறக்கிய காரில் பின்சக்கரத்தின் தலை உள்பக்கம் கூடுதலாகச் சாய்வதால் டயரின் உள் ஓரம் தேயும். நான் ஒரு ஜோடி பின் டயரை அப்படித்தான் இழந்தேன்.

பின்பக்கத்தில் இன்னொரு வேலை செய்தேன். எஸ்550-இன் பின் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரு சட்டத்தில் பொருந்தி, அந்தச் சட்டம் நாலு பெரிய ரப்பர் புஷ் வழியாக உடம்பில் மாட்டியிருக்கிறது. வேகமாகக் கிளப்பினால் சட்டமே அசைந்து, பின்சக்கரம் தட்டுத் தட்டென்று துள்ளும். புஷ்ஷின் இடைவெளியை நிரப்புகிற அலுமினியத் துண்டுகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டதும் துள்ளல் பெரும்பாலும் நின்றது, சத்தம் கூடவில்லை. ரப்பரை முழுவதும் பூட்டிவிடும் வகையும் உண்டு. அதற்கு நான் போகவில்லை.

காயில்ஓவர் பற்றி என் அனுபவம் ஒரு சனிக்கிழமைதான். நண்பர் ஒருவரின் காரை ஆகஸ்டு மாதம், நல்ல சாலையில், அரை நாள் ஓட்டினேன். உண்மையைச் சொன்னால் வளைவில் அது என் காரைவிட ஒரு படி மேல். ஷாக்கின் அடிப்பாகத்தையே திருகி உயரம் மாற்றும் வகையாக இருந்தால், காரை இறக்கினாலும் நான் மேலே சொன்ன இடம் குறையாது. என் முக்கியமான வாதம் அங்கே செல்லாது. வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ் போன்ற டிராக்கில் அடிக்கடி ஓட்டுகிறவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். ஆனால் அவர் காரை நவம்பரில் மூடி வைத்துவிடுவார். நான் டிசம்பரில் முதல் பனி வரை ஓட்டுகிறேன், மார்ச்சில் எடுத்துவிடுகிறேன், சாலையில் உப்பு இருக்கும்போதே. உயரம் மாற்றும் மரையில் உப்பு ஏறினால் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு எத்தனை திருகு வசதி இருந்தாலும் திருக முடியாது. பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் போட்டுப் பராமரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து குளிர்காலம் தாண்டிய காயில்ஓவரை நான் கையால் தொட்டுப் பார்த்ததில்லை.

என் இறக்கும் ஸ்பிரிங்குகள் கராஜில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அழகுக்காகத்தான் இறக்குவேன் என்கிறவர்களைத் தடுக்க மாட்டேன். அந்த உயரத்துக்கென்றே செய்த ஷாக்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்பிரிங்கை மட்டும் வாங்காதீர்கள். வாங்கும் முன்னால் பின் ஷாக்கின் தண்டில் ஒரு டையைக் கட்டி, தினமும் போகிற வழியில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். என் காரில் அந்த இரண்டாவது டை இன்னும் இருக்கிறது. போன வாரம் டயர் மாற்றும்போது பார்த்தேன், அரை விரல் மேலே ஏறியிருந்தது. ஃபோர்டு சாலைத் திருப்பத்தில் இருக்கிற அந்தப் பெரிய குழியாகத்தான் இருக்கும்.