பேஸ்மென்ட் மோட்டாருக்கு வால்வு மாற்றப்போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்

எங்கள் குடியிருப்பு சென்னை வேளச்சேரியில் இருக்கிறது. 12 வீடுகள், கீழே பேஸ்மென்ட் பார்க்கிங். சங்கத்தின் பொருளாளர் நான். கீழே வரப்போகும் மூன்று பில்லுக்கும் காசோலையில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். மழைக்காலத்துக்கு முன்னால் நிறைய குடியிருப்புகளில் இதே வேலையை எடுப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இது எங்கள் பேஸ்மென்ட் சம்பின் கதை. சம்ப் என்றதும் குடிதண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிட வேண்டாம். நான் சொல்வது பேஸ்மென்ட் மூலையில் வெட்டியிருக்கும் 2 அடிக்கு 2 அடி குழி. தரையில் ஊறும் தண்ணீர், வண்டி கழுவிய தண்ணீர், ராம்ப் வழியாக வரும் மழைத்தண்ணீர் எல்லாம் அதில் வந்து சேரும். உள்ளே, தண்ணீரில் மூழ்கியபடியே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டார் ஒன்று இருக்கிறது. ஃப்ளோட், அதாவது தண்ணீரில் மிதக்கும் சுவிட்ச், மேலே எழும்பினால் மோட்டார் ஓடி, 2 அங்குலக் குழாய் வழியாகத் தெருவிலிருக்கும் மழைநீர் வடிகாலுக்குத் தள்ளிவிடும். தள்ளிய தண்ணீர் திரும்பி வராமல் தடுக்க அந்தக் குழாயில் ஒரு என்ஆர்வி வேண்டும், அதாவது நான்-ரிட்டர்ன் வால்வு. எங்களுக்குப் பிரச்சினை ஆனது இந்த ஒரு சாமான்தான்.

2024 ஜூலையில் பராமரிப்புக்கு வந்த பிளம்பிங் ஒப்பந்தக்காரர், "சார், வால்வு செத்துப்போச்சு, மழைக்கு முன்னாடி மாத்திடுங்க" என்றார். செத்துப்போனது என்று எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. கட்டடம் கட்டிய நாளிலிருந்து இருந்த கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) வால்வு அது. கனமானது, கதவு போல மடங்கித் திறக்கும் வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி முழுக்கத் தண்ணீர் நின்றதே, அப்போதும் அது எங்களைக் கைவிடவில்லை. அதைக் கழற்றி, "பழைய சாமான்" என்று அவரே எடுத்துக்கொண்டு போனார். பில்லில் எழுதியிருந்தது: 2 அங்குல கன்மெட்டல் என்ஆர்வி, ஐ.எஸ்.ஐ முத்திரை, கூலியோடு ரூ. 6,500. நான் குழிக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. அந்தத் தவறு என்னுடையது.

ஆகஸ்டில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது, தண்ணீர் ஏறவில்லை. "காயில் போச்சு" என்று சொல்லி மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தார்கள். வைண்டிங் கட்டிய கூலி ரூ. 4,800. செப்டம்பரில் வேறு ஒன்று ஆரம்பித்தது. மழையே இல்லாத நாளிலும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டார் ஓடி ஓடி நின்றது. வாட்ச்மேன் அண்ணன்தான் இரவில் கவனித்துச் சொன்னார். "ஃப்ளோட் பழசு" என்றார்கள். அதற்கு ரூ. 1,400. மாற்றிய பிறகும் அப்படியேதான் ஓடியது. "மழை வந்தா சரியாகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்டோபர் நடுவில் அந்த மழை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அதே நாட்கள். எங்கள் கார்களும் அங்கேதான் நின்றன, அதனால் கார்கள் தப்பின. இரவு 11 மணி வாக்கில் கரண்ட் போனது. ராம்ப் வாசலில் மேடு கட்டி, மணல் மூட்டையும் அடுக்கியிருந்தோம். தெருத்தண்ணீர் அந்த மேட்டைத் தாண்டவில்லை என்று வாட்ச்மேன் அண்ணன் இரண்டு முறை போய்ப் பார்த்துச் சொன்னார். நிம்மதியாகப் படுத்துவிட்டோம்.

விடியற்காலை 5 மணிக்கு அவரே கதவைத் தட்டினார். "சார், கீழே தண்ணி நிக்குது." இறங்கிப் பார்த்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், குழி இருக்கும் தாழ்வான மூலையில் ஒரு அடிக்குக் குறையாது. மேட்டுக்கு மேலே ஒரு சொட்டு வரவில்லை. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை. வாட்ச்மேன் அண்ணன் மோட்டார் குழாயில் காதை வைத்துப் பார்த்தார். உள்ளே சளசளவென்று சத்தம். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் கீழ்நோக்கி.

நடந்தது இதுதான். வெளியே எங்கள் குழாயின் வாய் மழைநீர் வடிகாலுக்குள் முங்கிக் கிடந்தது. தெருத்தண்ணீர் மட்டம் மேலே, எங்கள் பேஸ்மென்ட் தரை கீழே, நடுவில் தண்ணீர் நிறைந்த ஒரு குழாய். மோட்டார் நின்றதும் அதே குழாய் வழியாகத் தெருத்தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டது. பீப்பாயில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சிவிட்டால் பிறகு தானாக ஓடுமே, அதேதான். குழாய் கூரை வரை ஏறி இறங்கினாலும் அது நிற்காது. தடுக்க வேண்டிய வால்வு தடுக்கவில்லை. 6 மணி நேரம், எங்கள் குழாயே எங்கள் வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறது.

அடைக்கலாம் என்றால், கையால் திருகி மூடும் கேட் வால்வும் இல்லை. புது வால்வு போட்டபோது பழைய கேட் வால்வையும் சேர்த்து வெட்டி எடுத்திருக்கிறார்கள், அதுவும் அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் மெயினை அணைத்துவிட்டு (கரண்ட் இல்லை என்றாலும் எப்போது வருமோ தெரியாது, தண்ணீரில் நிற்கும்போது இதில் அலட்சியம் கூடாது), ஏணி போட்டு, கூரையோரம் குழாய் திரும்பும் இடத்தில் ஆக்சா பிளேடால் அறுத்தோம். காற்று உள்ளே போனதும் ஓட்டம் நின்றது.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கரணையிலிருந்து வயதான மோட்டார் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்தோம். குழாயை வெட்டி வால்வை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். 2 அங்குலம் இல்லை, ஒன்றரை அங்குலம். இரண்டு பக்கமும் ரெடியூசர் (குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பு) வைத்து ஒட்டியிருந்தது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். வழியின் பரப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட பாதிதான் வருகிறது. கன்மெட்டலும் இல்லை, மெல்லிய பித்தளை. எங்கேயும் ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லை. உள்ளே ஸ்பிரிங் வைத்த தட்டு. அந்தத் தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவில் மணலும் ஒரு பிளாஸ்டிக் கிழிசலும் சிக்கி, விரல் நுழையும் அளவுக்குத் திறந்தே நின்றது.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "இந்த வால்வு கெட்ட வால்வு இல்ல தம்பி, இருக்க வேண்டிய எடம் வேற. மாடித் தொட்டிக்கு நல்ல தண்ணி ஏத்துற மோட்டாருக்கு இது போதும். அழுக்குத்தண்ணி குழியில ஸ்பிரிங் வால்வு போட்டா ஒரு முடி சிக்கினாலும் மூடாது." இந்த மாதிரிக் குழிக்குக் கதவு மாதிரி முழுதாகத் திறக்கும் வகைதான் வேண்டும். கழிவுநீர்க் குழி என்றால் உள்ளே ரப்பர் பூசிய பந்து உருளும் என்ஆர்வி இன்னும் நல்லது.

அப்புறம் மற்ற இரண்டு பில்லின் கதையும் வெளியே வந்தது. மோட்டாரைத் திறந்து காட்டினார். வைண்டிங்கைத் தொட்ட அடையாளமே இல்லை, பழைய வார்னிஷ் அப்படியே இருந்தது. ஆகஸ்டில் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் காற்று. குழி வற்றும்போது மோட்டாருக்கும் வால்வுக்கும் நடுவில் காற்று புகுந்துவிடும். மேலே நிற்கும் தண்ணீரின் எடை வால்வை அழுத்தி மூடியிருக்கும். குழி மறுபடி நிறைந்தாலும் அந்தக் காற்று வெளியே போக வழி இல்லை, மோட்டார் காற்றையே கடைந்துகொண்டிருக்கும். இதற்காகத்தான் மோட்டாருக்கு மேலே, வால்வுக்குக் கீழே, குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுவார்கள். எங்கள் பழைய குழாயில் அது இருந்திருக்கிறது. மோட்டார் ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீச்சுவதை நானே பார்த்திருக்கிறேன், ஒழுகல் என்று நினைத்திருந்தேன். புதிதாக ஒட்டிய துண்டில் ஓட்டை போடவில்லை. மோட்டாரைத் தூக்கி எடுத்ததுமே காற்று போய்விட்டது. திரும்ப இறக்கியதும் ஓடியது. அதற்கு ரூ. 4,800.

செப்டம்பரில் மோட்டார் ஓடி ஓடி நின்றதும் வால்வால்தான். ஏறு குழாயும், குழியை நோக்கிச் சற்றுச் சரிந்து வரும் கூரையோரக் குழாயும் சேர்த்து 13 மீட்டர். 2 அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் நிற்கும், ஆக 26 லிட்டர். அவ்வளவும் திரும்ப விழுந்தால் எங்கள் சின்னக் குழியில் மட்டம் கிட்டத்தட்ட 3 அங்குலம் ஏறும். ஃப்ளோட்டைத் தூக்க அது போதும். அதே தண்ணீரை மோட்டார் ராத்திரி முழுக்க ஏற்றி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஃப்ளோட் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

இப்போது போட்டிருப்பது 2 அங்குலக் கன்மெட்டல் வால்வு, மடங்கும் கதவு வகை. கடைக்கு நானே போய், தண்ணீர் போக வேண்டிய திசையைக் காட்ட உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறியையும் ஐ.எஸ்.ஐ முத்திரையையும் பார்த்து வாங்கினேன். முத்திரைக்குக் கீழே இருக்கும் சி.எம்/எல் உரிம எண்ணை, அந்த முத்திரையை வழங்கும் பி.ஐ.எஸ் அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் அடித்தால் அது உண்மையான உரிமமா என்று காட்டும். எனக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். குழிக்குள் வைக்காமல், ஏறு குழாயில் நெஞ்சு உயரத்தில், அம்புக்குறி மேல்நோக்கி இருக்கும்படி வைத்தோம். கீழே ஒரு யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு), மேலே ஒரு கேட் வால்வு. இனி சுத்தம் செய்ய யாரும் குழாயை அறுக்க வேண்டாம். கேட் வால்வை மூடி, யூனியனைத் திருகினால் கையோடு வந்துவிடும். 3 மில்லிமீட்டர் ஓட்டை குழிக்குள்ளேயே, கீழ்நோக்கிச் சாய்த்துப் போட்டிருக்கிறது. வெளியே குழாயின் வாயையும் வடிகாலிலிருந்து எடுத்து, மிக்ஜாமின்போது சுவரில் பதிந்த தண்ணீர்க் கறைக்கு மேலே உயர்த்திவிட்டோம். வாய் முங்காத வரை தெருத்தண்ணீர் உள்ளே இழுக்கப்படாது.

உங்கள் குழியிலும் வால்வு மூடுகிறதா என்று பார்க்க யாரும் வர வேண்டியதில்லை. ஹோஸ் வைத்துக் குழியை நிரப்புங்கள், மோட்டார் ஓடி நிற்கட்டும். நின்ற நொடியில் குழிச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வால்வுக்குக் கீழே நிற்கும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும், மட்டம் லேசாக ஏறி நின்றுவிடும். மட்டம் சட்டென்று அங்குலக்கணக்கில் ஏறினாலோ, கால் மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டே இருந்தாலோ வால்வு சரியாக மூடவில்லை. இதை அன்றைக்கு, பழைய வால்வைக் கழற்ற விடும் முன்னால் செய்திருந்தால் அந்த 6,500 ரூபாய் சங்கத்திடமே இருந்திருக்கும்.

ஒப்பந்தக்காரர் முதலில் போனை எடுக்கவில்லை. பிறகு, "மழை கடவுள் செயல் சார், வால்வு என்ன பண்ணும்" என்றார். பழைய கன்மெட்டல் வால்வைத் திருப்பிக் கேட்டேன். எடைக்குப் போட்டுவிட்டாராம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மூன்று பில், வெட்டி எடுத்த வால்வு, அதை எடுக்கும்போது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தாழ்வான மூலையில் நின்ற ஐந்து ஸ்கூட்டர்களில் ஒன்று, முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் தம்பியுடையது. சாப்பாடு டெலிவரி செய்கிறவன். ஒன்பது நாள் வண்டி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ரிப்பேர் செலவு 6,300 ரூபாயைச் சங்கம் கொடுத்துவிட்டது, ஒன்பது நாள் சம்பாத்தியத்தை யார் கொடுப்பது என்று தெரியவில்லை. புகாரில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்கிறோம்.