ஃபோரென்சிக் பட்டமா, சாதா கெமிஸ்ட்ரியா?

அக்காள் மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். போன ஞாயிறு பட்டர்வொர்த்தில் அக்கா வீட்டில் தோசை சாப்பிடும்போது, “சித்தி, நான் ஃபோரென்சிக் படிக்கப் போறேன்” என்றாள், அதாவது தடயவியல். அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, “பிணம் அறுக்கிற வேலையா?” என்று கேட்டார். இரண்டு பேருக்கும் அன்று பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே. நான் பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் கெமிஸ்ட்ரிக்காரி, அதனால் ஒருபக்கச் சாய்வு இருக்கும், மறைக்கவில்லை.

அக்காவின் கேள்வி சுலபம். பிணம் அறுப்பது டாக்டர் வேலை. மருத்துவம் 5 ஆண்டு, அப்புறம் ஹவுஸ்மேன்ஷிப் என்ற மருத்துவமனைப் பயிற்சி, அதற்குமேல் பிரேதப் பரிசோதனைக்கென்றே தனிச் சிறப்புப் படிப்பு. ஃபோரென்சிக் சயன்ஸ் பட்டம் வாங்கியவர் கையில் யாரும் அந்தக் கத்தியைக் கொடுக்க மாட்டார்கள்.

அப்படியானால் யார் என்ன செய்கிறார்கள்? 2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தின் கேஎல்ஐஏ2 முனையத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வடகொரியத் தலைவரின் வேறொரு தாய் வயிற்று அண்ணன் கிம் ஜோங் நாம், முகத்தில் எதையோ பூசிவிட்டுப் போனார்கள் என்று உதவி கேட்டுப் போய், ஆஸ்பத்திரி சேர்வதற்குள் இறந்துவிட்டார். போலீஸ் கேமராப் பதிவுகளைத் தோண்டியது. உடல் கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குப் போனது. கண்ணிலும் முகத்திலும் துடைத்தெடுத்த மாதிரிகளோ, நாம் ஜபாத்தான் கிமியா என்று சொல்லும் இரசாயனத் துறைக்குப் போயின. 24ஆம் தேதி போலீஸ் தலைவர் சொன்ன “விஎக்ஸ்” என்ற நரம்பு விஷத்தின் பெயர் இந்த மூன்றாவது இடத்திலிருந்து வந்தது. ஒரே சாவு, மூன்று அலுவலகம், மூன்று வேறு படிப்பு.

இவளுக்கு மருத்துவத்தில் ஆசை இல்லை, ஆகவே மிச்சம் இரண்டு.

போலீஸ் பக்கம் என்றால் டி10, அதாவது குற்றப் புலனாய்வுத் துறையின் தடயவியல் பிரிவு. படம் எடுப்பது, கைரேகை தூக்குவது, ரத்தக்கறையைப் பஞ்சில் எடுப்பது, நடுராத்திரி போன் வந்தால் கிளம்புவது எல்லாம் இவர்கள். தொலைக்காட்சியில் அவள் பார்த்து மயங்கியதும் இதைத்தான். ஆனால் பட்டம் இருந்தாலும் முதலில் நீ போலீஸ், பயிற்சி முடிந்து எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்பது உன் கையில் இல்லை, போக்குவரத்தில் போய் உட்காரவும் நேரலாம். அந்தச் சீருடையே பிடிக்கும் என்றால் தாராளமாகப் போகலாம்.

இரசாயனத் துறையில் சீருடை கிடையாது, ஓடித் துரத்துவதும் கிடையாது. தலைமையகம் பெட்டாலிங் ஜெயாவில், பினாங்கிலும் கிளை உண்டு. வேலை எவ்வளவு கனமானது என்பதற்குப் போதைப்பொருள் வழக்கு ஒன்று போதும். நம் மலேசியாவின் 1952ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தால் கடத்தல்காரன் என்றே சட்டம் ஊகித்துக்கொள்ளும். கட்டாய மரண தண்டனை 2023இல் நீங்கிவிட்டாலும் இந்த 15 கிராம் கணக்கு நீங்கவில்லை. பையில் 40 கிராம் தூள் இருக்கிறது என்பதற்கு அர்த்தம் இல்லை, அதில் சுத்தமான ஹெராயின் எவ்வளவு என்பதுதான் கேள்வி, அதைச் சொல்லப்போவது வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி. நிறம் மாறும் சோதனை “இருக்கலாம்” என்று மட்டும் சொல்லும், உறுதிப்படுத்த, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும் ஜிசி-எம்எஸ் மாதிரியான கருவி வேண்டும். அப்புறம் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினால் வக்கீல் கெமிஸ்ட்ரியைத் தொடவே மாட்டார்: முத்திரை உடையாமல் வந்ததா, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, போலீஸ் எழுதிய எடையும் உங்கள் எடையும் ஏன் ஒத்துவரவில்லை? சான்றுப் பொருள் கைமாறும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் உன் கருவி எவ்வளவு விலையாக இருந்தும் என்ன பயன்.

வரலாறும் என் கட்சிதான் என்று அவளிடம் வாதாடினேன். இங்கிலாந்தில் ஜேம்ஸ் மார்ஷ் என்ற கெமிஸ்ட் ஒரு கொலை வழக்கில் ஆர்சனிக்கைக் கண்டுபிடித்தும், ஜூரி பார்ப்பதற்குள் மாதிரி கெட்டுப்போய்க் குற்றவாளி தப்பிவிட, அந்த எரிச்சலில் 1836இல் புதிய சோதனையையே உருவாக்கினார். சென்னை மாகாணத்தில் 1849இல் இரசாயனப் பரிசோதகரின் கூடம் வந்துவிட்டது, கல்கத்தாவின் கைரேகை அலுவலகம் 1897இல்தான். அந்தக் கைரேகை வகைப்பாட்டுக்கு உழைத்தவர்கள் அஜிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும், பெயர் போனதோ மேலதிகாரி ஹென்றிக்கு. ஆபீஸ் எங்கும் ஆபீஸ்தான்.

கைரேகையை ஒப்பிட்டுத் தீர்ப்பது கடைசியில் மனிதக் கண். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் எஃப்பிஐ ஓர் அமெரிக்க வக்கீலின் ரேகை என்று அடித்துச் சொன்னது, அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்தது. டிஎன்ஏ இந்த விஷயத்தில் மேல், எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை எண்ணில் சொல்லும். அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் கண்டுபிடித்த முறை, லெஸ்டர் பக்கத்துக் கொலை வழக்குகளில் முதலில் செய்தது குற்றமற்ற ஒரு பையனை விடுவித்ததுதான், உண்மைக் குற்றவாளி பிட்ச்ஃபோர்க் பிறகுதான் சிக்கினான்.

சரி, படிப்புக்கு வருவோம். யுஎஸ்எம் பல்கலைக்கழகம் என்றதும் பினாங்கிலேயே இருக்கும் மிண்டன் வளாகம், வீட்டுச் சாப்பாடு என்று அக்கா கணக்குப் போட்டார். ஆனால் யுஎஸ்எம்மின் ஃபோரென்சிக் படிப்பு கிளந்தான் மாநிலத்தில், குபாங் கெரியான் வளாகத்தில். யுகேஎம் பல்கலைக்கழகத்திலும் உண்டு, அது கோலாலம்பூரில். ஃபோரென்சிக் படிப்பில் ரத்தம், விஷம், தீ, கையெழுத்து, சட்டம் என எல்லாவற்றிலும் கொஞ்சம் கிடைக்கும், படிக்க ருசியாக இருக்கும். மிண்டனில் கெமிஸ்ட்ரி எடுத்தால் வருடக்கணக்கில் ஸ்பெக்ட்ரா வரைபடங்களோடு சலிப்பாகத்தான் போகும். ஆனால் அரசாங்க வேலை கிடைக்காமல் போனால் பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, தடயவியலை முதுகலையில் தொட்டுக்கொள்ளலாம். ஃபோரென்சிக் பட்டதாரிக்கு அந்த மாற்றுவழி குறுகல். 1975ஆம் ஆண்டு இரசாயனவியலாளர் சட்டப்படி பதிவு செய்துகொள்ள அந்தப் பட்டம் செல்லுமா என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

போனையும் ஹார்ட்டிஸ்கையும் குடைவதுதான் ஆசை என்றால் இந்த இரண்டுமே வேண்டாம், கம்ப்யூட்டர் சயன்ஸ் போகட்டும்.

நான் இவ்வளவு பேசியும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யுபியு விண்ணப்பத்தில் குபாங் கெரியானை முதலிலும் மிண்டனை இரண்டாவதாகவும் போட்டிருக்கிறாள். அக்கா இப்போது பிணத்தை மறந்துவிட்டு, கிளந்தானுக்கு பஸ் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.