துவாக்குடி – சத்திரம்: திருச்சி டவுன் பஸ்ஸில் என் அனுபவம்

காட்டூர்ப் பக்கம் குடிவந்ததிலிருந்து எனக்கு எல்லாமே டவுன் பஸ்தான். துவாக்குடியிலிருந்து திருவெறும்பூர், அரியமங்கலம், பால்பண்ணை வழியாகச் சத்திரம் போகும் தடத்தில் பகல் நேரத்தில் பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை. அரசு பஸ்ஸும் பிரைவேட் பஸ்ஸும் மாறி மாறி வரும்; ஒன்றை விட்டால் பின்னாலேயே இன்னொன்று.

பிரைவேட் பஸ்ஸில் பாட்டு உண்டு, வேகமும் உண்டு. ஆள் ஏறும்வரை ஸ்டாப்பில் உறுமிக்கொண்டே நிற்கும். பின்னால் அடுத்த வண்டி தலைகாட்டியதும் பறக்கும். முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்களுக்கு அந்த அவசரம் ஆகவே ஆகாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் நான் அரசு பஸ் வரும்வரை நின்றுதான் ஏறுவேன்.

2021 மே 8 முதல் அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இந்தத் தடத்தில் அதன் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்கள் தெருவில் வீட்டுவேலைக்குப் போகும் அக்கா முன்பு நடந்து போகிற தூரத்தில்தான் வேலை தேடுவார். இப்போது தில்லைநகர் வரை போகிறார், சம்பளமும் கூடுதல். காந்தி மார்க்கெட்டிலிருந்து காய்க்கூடையோடு ஏறுகிறவர்களுக்கும் அப்படித்தான். பஸ் காசு மிச்சம் என்றால் அன்றைய லாபத்தில் ஒரு பங்கு மிச்சம். இதை ஓசிப் பயணம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

சத்திரம் பேருந்து நிலையம் 2021 கடைசியில் புதுக்கட்டடத்தோடு திறந்தபிறகு பஸ் மாறுவது சுலபம். ஸ்ரீரங்கம் போக ஒன்றாம் நம்பர் பஸ் அடிக்கடி இருக்கிறது.

பஞ்சப்பூர் கதை வேறு. 2025 ஜூலையில் அங்கே புதிய பேருந்து முனையம் செயல்பாட்டுக்கு வந்தபிறகு, மதுரை, நெல்லைப் பக்கம் போக சென்ட்ரல் பேருந்து நிலையத்தோடு டவுன் பஸ் பயணம் முடிவதில்லை; பஞ்சப்பூர் வரை போக வேண்டும். முனையம் விசாலமாக, நன்றாகவே இருக்கிறது. ஆனால் அங்கே போய்ச் சேர டவுன் பஸ்ஸில் பெட்டியை எங்கே வைப்பது? கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் செருகினால் இறங்குகிறவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டுதான் போகிறார்கள். பஞ்சப்பூர் போகும் வண்டிகளிலாவது முன்பக்கம் இரண்டு சீட்டை எடுத்துவிட்டு மூட்டை முடிச்சுக்கு இடம் விடலாம்.

மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால்தான் உண்மையான சிரமம். உள் ஊர்களுக்குப் பல நேரம் ஒரே வண்டிதான் போய்ப் போய்த் திரும்பும். அது பழுதாகி நின்றால் அந்த டிரிப்பே கிடையாது. ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எந்த ஸ்டாப்பிலும் எழுதி நான் பார்த்ததில்லை. டீக்கடையில்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஷிப்ட் முடித்து வரும் பெண்கள் பஸ் கிடைக்காமல் ஸ்டாப்பில் நின்று, ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் பகலில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடுகிறது. கடைசி பஸ் நேரத்தை நிழற்குடைச் சுவரில் பெயிண்டால் எழுதி, அந்த ஒரு டிரிப்பை மட்டும் ரத்து செய்யாமல் ஓட்டினால் போதும். நான் முதலில் கேட்பது அதைத்தான்.