புது ரேடியேட்டர் என்று பில் போட்டுப் பழையதற்குப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள்

எட்டு, பத்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் ரேடியேட்டர் வேலைக்கு வண்டியை விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஈரோட்டில் இருக்கும், பார்க்க நல்ல பெரிய ஒர்க்‌ஷாப்தான்.

என்னுடையது 2015 மாடல் டீசல் கார். ரிசர்வ் டேங்கில் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். ரேடியேட்டரின் மேல் டேங்கும் கோரும் (நடுவில் இருக்கும் மெல்லிய குழாய்த் தொகுதி) சேரும் இடத்தில் கசிகிறது, ஒட்ட முடியாது, முழுசாக மாற்ற வேண்டும் என்றார்கள். அந்தக் காலத்து வண்டிகளில் இருந்த பித்தளை ரேடியேட்டர் என்றால் ஈயம் வைத்துப் பற்றவைத்து இன்னும் பல வருடம் ஓட்டிவிடலாம். இப்போது வருவது அலுமினிய கோர், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க், நடுவில் ரப்பர் கேஸ்கெட் வைத்து மடித்து இறுக்கியிருப்பார்கள். சூட்டிலேயே கிடந்து பிளாஸ்டிக் மொறுமொறுவென ஆகிவிடும். ஒழுங்காகப் பராமரித்தாலே எட்டு முதல் பத்து வருடம்தான் பொதுவாகத் தாங்கும். போர் தண்ணி ஊற்றி ஓட்டினால் அதற்கும் முன்பே உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும், அலுமினியமும் அரித்துப்போகும். ஆகவே அவர்கள் சொன்னதில் சந்தேகப்பட எதுவும் இல்லை.

பில் இப்படி: புது ரேடியேட்டர் 7,800, கூலண்ட் 5 லிட்டர் 1,600, கூலி 2,000. மொத்தம் 11,400 ரூபாய். பானெட்டைத் திறந்து காட்டினார்கள். கருகருவென்று பளபளத்தது.

அதற்கப்புறம் ஊருக்குள் ஓட்டியவரை ஒரு தொந்தரவும் இல்லை. மைசூர் போகலாம் என்று குடும்பத்தோடு கிளம்பி, பண்ணாரி செக்போஸ்ட் தாண்டித் திம்பம் ஏறும்போதுதான் மாட்டிக்கொண்டோம். 27 கொண்டை ஊசி வளைவு, முன்னால் லோடு லாரி, முதல் கியரும் இரண்டாவது கியருமாக ஏற்றம். டெம்பரேச்சர் முள் பாதியில் நின்றது திடீரென்று சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டுவதற்குள் பானெட் இடுக்கிலிருந்து ஆவி. யானை நடமாடும் காடு, இறங்கி நிற்கவும் பயம். பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் ஓடி வந்து, "மூடியத் தொறந்துராதீங்க சார், மூஞ்சி வெந்துரும்" என்று கத்தினார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காது. திறந்த நொடி மொத்தமும் கொதித்து மேலே பீறிட்டு அடிக்கும்.

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு சத்தியமங்கலம் இறங்கினோம். அங்கே ஒரு வயதான மெக்கானிக். புது ரேடியேட்டர் போட்டு அதிக நாள் ஆகவில்லை என்றேன். குனிந்து பார்த்தவர், "ஏனுங்க, இது புதுசுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

கோரின் மேல் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் கறுப்பு ஒட்டியது. ஸ்ப்ரே பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் செத்த பூச்சிகள் அப்படியே ஃபின்களுக்குள் ஒட்டியிருந்தன. பிறகு டார்ச் அடித்துப் பிளாஸ்டிக் டேங்கின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். கடிகாரம் மாதிரி சுற்றிலும் 1 முதல் 12 வரை எண், நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் இரு பக்கமும் 1, 5. அச்சில் வார்க்கும்போதே பதியும் மாத, வருட முத்திரை அது. என் வண்டி பிறந்த அதே 2015. எனக்குப் புதிது என்று விற்றது என்னுடைய ரேடியேட்டரையேதான்!

மூடியைக் கழற்றினால் உள்ளே பழுப்பு நிறத்தில் சேறு. கசிவை அடைக்கப் பவுடர் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு மஞ்சள் தூள் போட்டு ஊர் போய்ச் சேர்வது பழைய டிரைவர்கள் செய்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் அதையே நிரந்தர வேலை என்று செய்தால், ஓட்டையோடு சேர்த்து மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும். கூலண்ட் என்று ஊற்றியிருந்தது பச்சைச் சாயம் போட்ட தண்ணீர். விரலில் தொட்டால், நிஜக் கூலண்டில் இருக்கும் கிளைகால் (glycol) என்ற ரசாயனத்துக்கு உள்ள அந்த வழவழப்பு துளிகூட இல்லை. மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான், அதைக்கூட மாற்றவில்லை.

இதற்கெல்லாம் மேலே, தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு) கழற்றிக் கடாசியிருந்தார்கள். ஃபேனுக்கும் நேராக ஒயர் இழுத்து, சாவி போட்டால் எப்போதும் ஓடும்படி செய்திருந்தார்கள். ஊருக்குள் ஏன் தொந்தரவு தெரியவில்லை என்று இப்போது புரிகிறதா? "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லை" என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய பேர் உண்டு. நம்பாதீர்கள். என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் மைலேஜ் குறையும், தேய்மானம் கூடும். சில என்ஜின்களில் அது இல்லாவிட்டால் பைபாஸ் வழி மூடாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாது. ஏற்றத்தில் இன்னும் மோசம்.

என்ஜின் பிளாக்குக்கும் மேலே இருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. ஸ்டார்ட் பண்ணினால் ரேடியேட்டர் வாயில் குமிழ் குமிழாக வந்தது, ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங், புது ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய்.

ரேடியேட்டர் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுங்கள். புதிதில் அந்த வட்ட முத்திரையை டார்ச் அடித்துப் பாருங்கள். கூலண்ட் கேனை உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள்; கான்சன்ட்ரேட்டா, அப்படியே ஊற்றுவதா என்று லேபிளைப் படியுங்கள். கான்சன்ட்ரேட் என்றால் பொதுவாகச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வகை கூலண்டை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆர்கானிக் ஆசிட் வகை ஐந்து வருடம்வரை போகும். இரண்டையும் கலந்தால் உள்ளே கூழாகிவிட வாய்ப்பு உண்டு. எது என்பது உங்கள் வண்டியின் மேனுவலில் இருக்கும்.

ஈரோட்டுக் கடைக்குப் போன் செய்தேன். "வண்டியக் கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்" என்றார் ஓனர். போட்டோ அனுப்பியபின் போன் எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுச் சீட்டில் பில் வாங்கியவர்களும் தயங்க வேண்டாம், யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவையும் சான்றாகக் காட்டலாம்.