விளிம்பு குறைந்த நாணயம்: வார்ப்பகப் பிழையா, வெட்டியதா?

விளிம்பில் பிறை போலக் கடித்த இலங்கை 5 ரூபாய்க் குற்றி கிடைத்தால், முதலில் பார்க்க வேண்டியது கடித்த இடத்தை அல்ல, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தை. தகட்டிலிருந்து வெறும் வட்டத்தை வெட்டும்போதே குறைந்து போயிருந்தால், விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் சரியாகக் கிடைக்காது. அதனால் பெரும்பாலும் அங்கே விளிம்பு மெலிந்து மங்கும். கடித்த இடத்தை ஒட்டிய எழுத்துகளும் இழுபட்டுத் தேயும். பிறகு அரத்தால் ராவியதென்றால் எதிர்விளிம்பு முழுசாக நிற்கும், எழுத்து கத்தியால் நறுக்கியது போல முடியும், அரக்கீறலும் தெரியும். எடை இரண்டிலும் குறையும். ஆகவே தராசு இங்கே தீர்ப்புச் சொல்லாது.

நிறம் மாறியது இன்னும் ஏமாற்றும். 2005 முதல் சில ஆண்டுகள் வந்த பொன்னிற 5 ரூபாய் எஃகின் மேல் பித்தளைப் பூச்சு, காந்தம் இழுக்கும். மட்டக்களப்பு வாவியோரத்து உப்புக்காற்றில் பூச்சு உரிந்தால் துருக்குழி விழும், எழுத்துமுனை மழுங்கும். பூச்சே ஏறாமல் வந்ததில் எழுத்து கூர்மையாக இருக்கும். ஆனால் வெறும் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும், பிந்தினால் இரண்டும் ஒன்றுபோலாகிவிடும்.

கோடு தெரிந்தால் நகத்தால் தடவுங்கள்: மேடாக இருந்தால் நாணயம் அடித்த அச்சில் விழுந்த வெடிப்பின் தடம், பள்ளமாக இருந்தால் பிறகு விழுந்த கீறல். புளி போட்டு மட்டும் தேய்க்காதீர்கள்.