காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவில் நான் தொடக் கூடாத ஒரு காற்புள்ளி

நான் வெகுகாலமாகப் பயன்படுத்திவரும் கட்டணத் தமிழ் எழுத்துருவை வாங்கலாமா என்று, புத்தகப் பக்கம் அமைக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்துத் தருகிறேன். எத்தனை தடிமன்கள், என்னென்ன கோப்பு வகைகள் என்பதெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

எழுத்து அருமை. மிகச் சிறிய அளவிலும் ண, ன இரண்டும் குழம்புவதில்லை. ழவின் அடிச்சுழி அச்சில் மை அடைத்துக்கொள்ளாமல் திறந்து நிற்கிறது. வரைந்தவர் தமிழைக் கையால் எழுதிப் பழகியவர் என்பது ஒவ்வொரு வளைவிலும் தெரிகிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். ‘து’வுக்குப் பின்னால் காற்புள்ளி வந்தால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. வந்து, பார்த்து, எடுத்து என்று வினையெச்சத்தாலேயே வாக்கியத்தை நகர்த்தும் மொழியில் இது பக்கத்துக்குப் பக்கம் வரும். எழுத்துரு திருத்தும் மென்பொருளில் கோப்பைத் திறந்து, அந்த இணைக்கு மட்டும் கெர்னிங் மதிப்பை, அதாவது இரண்டு எழுத்துக்கு நடுவிலுள்ள இடைவெளியை, கொஞ்சம் கூட்டினால் தீர்ந்தது. ஆனால் உரிமத்தில், சொந்த உபயோகத்துக்குக்கூடக் கோப்பை மாற்றக் கூடாது என்று இருக்கிறது. எழுத்துருவை விற்கும் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அப்புறம் வந்த புதிய பதிப்பிலும் து அப்படியே முட்டுகிறது. இன்றைக்கும் ஒவ்வொரு இடமாகத் தேடி, கையால் இடைவெளி விடுகிறேன்.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. எல்ட்ரா நிறுவனம் பதிப்புரிமைப் பதிவாளர் ரிங்கர் மீது தொடுத்த வழக்கில் 1978-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது. எழுத்துருக் கோப்பை மென்பொருள் என்ற கணக்கில் பதிவு செய்ய 1992-இல் வழி பிறந்தது. வளைவின் புள்ளிகளை எங்கே வைப்பது என்ற தேர்வும் படைப்புதான் என்று அடோபி தொடுத்த வழக்கில் 1998-இல் தீர்ப்பு வந்தது. ஆக, கோப்பை நகலெடுத்தால் குற்றம். அதே எழுத்தை அச்சிட்டுப் பார்த்து, புதிதாக வரைந்து, வேறு பெயரில் விற்றால் பதிப்புரிமைச் சட்டம் தடுக்காது. தனியாக விண்ணப்பித்து வடிவமைப்புக் காப்புரிமை வாங்கியிருந்தால்தான் கேள்வி கேட்கலாம். ஐரோப்பிய நாடுகளில் நிலைமை கொஞ்சம் மேல். வடிவத்தைப் பதிவுசெய்து 25 ஆண்டுவரை காக்கலாம். எழுத்துருக்களுக்கென்றே 1973-இல் வியன்னாவில் போட்ட ஒப்பந்தமோ நடைமுறைக்கே வரவில்லை. பலட்டினோ எழுத்துருவை வரைந்த ஹெர்மன் ஸாஃப், அனுமதியில்லாமல் வடிவங்களை நகலெடுக்கும் வழக்கத்தைக் கண்டித்து 1993-இல் சர்வதேச எழுத்துருவாளர் சங்கத்திலிருந்து விலகினார். வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு எழுத்தைச் செதுக்குபவர்களின் கோபம் எனக்கு முழுக்கப் புரிகிறது.

ஆனால் சட்டம் கைவிட்ட இடத்தை உரிம ஒப்பந்தத்தால் அடைக்கிறார்கள். ஒப்பந்தம் யாரைக் கட்டும்? காசு கொடுத்து அதில் கையெழுத்திட்டவரை. பார்த்து வரைந்து விற்பவர் எந்த ஒப்பந்தத்திலும் இல்லை, அவர் சுதந்திரமாக இருக்கிறார். கணினிக்கு ஓர் உரிமம், இணையதளத்துக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கிய நான் ஒரு காற்புள்ளியைத் தள்ளி வைக்க முடியாது. நியாயமாகப் பார்த்தால் திருடனுக்குப் போட வேண்டிய பூட்டு இது.

ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். எஸ்ஐஎல் அமைப்பு உருவாக்கிய திறந்த எழுத்துரு உரிமத்தில் வரும் ஒரு தமிழ் எழுத்துருவையும் பயன்படுத்துகிறேன். அழகில் இதற்குக் கிட்டே வராது, தடித்த எழுத்து சுமார்தான். ஆனால் அதில் எனக்குப் பிடிக்காத இடைவெளிகளை நானே சரிசெய்துகொண்டேன். அந்த உரிமம் மாற்றத்தை அனுமதிக்கிறது. வரைந்தவர் தனக்கென்று ஒதுக்கி வைத்த பெயர் இருந்தால் மாற்றிய பதிப்பை அந்தப் பெயரில் வெளியிடக் கூடாது, எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, முக்கியமான தடைகள் இவைதான்.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நான் பார்த்த தமிழ் உரை எழுத்துருக்களில் இதுதான் சிறந்தது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இருந்தாலும் சொந்த வேலைக்காகத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒரு வரியை உரிமத்தில் சேர்க்கும்வரை வேண்டாம். மீறி வாங்குவதானால், சோதனைப் பதிப்பில் ‘வந்து,’ என்று அடித்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.